பிரியும் இடத்தில் தவளை

நார்த்டேல் வீட்டு கராஜில் கார் நிற்பதில்லை.
எட்டடிக்கு நாலடிப் பலகை நிற்கிறது.
மூன்று மாதமாக அதன் மேல் ஒன்றுமில்லை.
எந்தத் தண்டவாளம் வாங்குவதென்று
சீலன் இன்னும் முடிவெடுக்கவில்லை.

சொடுக்கிப் பூட்டும் ரகம் ஒன்று:
அடியிலேயே ஜல்லி வார்த்த பிளாஸ்டிக் மேடை.
க்ளிக் என்றால் வட்டம், இன்னும் நாலு க்ளிக்கில் நீள்வட்டம்.
கழற்றினால் கால் மணியில் பெட்டிக்குள் போய்விடும்.
வளைவு மட்டும் அவர்கள் சொன்ன வளைவு.

மற்றது கெஜக் கணக்கில் வருவது.
கையில் எடுத்தால் சாரைப்பாம்பாய்த் துவளும்,
நினைத்த பக்கம் வளையும்.
கார்க் விரித்து, பசை தடவி, ஆணி அடித்து,
மிஞ்சியதை வாளால் அறுக்க வேண்டும்.
ஒட்டினால் ஒட்டியதுதான்.
பெயர்த்தால் கட்டை கட்டையாய் உதிரும்.

கடைக்காரர் ஃபூரி இரண்டையும் மேசையில் வைத்து
"இந்த வீட்டில் எத்தனை வருஷம் இருப்பீர்கள்?" என்றாராம்.
சீலன் சிரித்துவிட்டு
ஒரு பொட்டலம் சின்ன ஆணி மட்டும் வாங்கி வந்தார்.

என் கைப்பையில்
பெர்த் ஆஸ்பத்திரியின் கடிதம்.
மருந்தாளுநர், நிலை இரண்டு.
முப்பதாம் தேதிக்குள் பதில்.
அவர் படித்துவிட்டார்.
மடிப்பு மாறியிருந்தது.

சாப்பாட்டு மேசையில் அவர் பேசியதெல்லாம் உலோகம்.
மாரிட்ஸ்பர்க் மழைக்குப் பித்தளை கறுத்துப் போகும்,
நிக்கல் வெள்ளி தாங்கும்.
நம் நாட்டுப் பாதை மூன்றடி ஆறங்குலம்,
கடையில் இருப்பதெல்லாம் ஐரோப்பாவுக்கு அளந்தது.
எஞ்சினை அறுபத்து நான்கில் ஒரு பங்காகச் செய்தால்
அதே பதினாறரை மில்லிமீட்டரில் நம் வண்டியும் உட்காரும்,
கட்டைகளை மட்டும் வெட்டித் தள்ளித் தள்ளி வைக்கணும்.
"வேற ஊருக்குச் செஞ்சதுல
நம்ம ஊரைப் பொருத்தணும், அவ்வளவுதான்,"
பருப்பை ஊற்றிக்கொண்டே சொன்னார்.
நான் நிமிர்ந்து பார்த்தேன்.
அவர் நிஜமாகவே கட்டைகளைப் பற்றித்தான் பேசினார்.

தடம் இரண்டாகும் இடத்துக்குத்
தவளை என்று பெயராம்.
உயிருள்ள தவளை, செத்த தவளை என இரண்டு.
செத்ததில் மின்சாரம் ஓடாது.
மெதுவாக வரும் சின்ன எஞ்சின்
சரியாகப் பிரியும் இடத்தில் நின்றுவிடும்,
விரலால் தள்ள வேண்டும்.
"உயிருள்ளதையே வாங்குங்க, விலை போனா போகுது" என்றேன்.
இந்த விஷயத்தில் நான் வாயைத் திறந்தது
அந்த ஒருமுறைதான்.

செவ்வாய்க்கிழமை வந்த பொட்டலம் நீளமாக இருந்தது.
கெஜக் கணக்கேதான்.
இருபத்தைந்து துண்டு, கார்க் சுருள், இரண்டு லிட்டர் பசை.
ரசீதை நாலாக மடித்தேன், எட்டாக மடித்தேன்.
கோபம் ரேண்டுக்கு இல்லை.
ஒட்டுகிறவன்
போகிறவனா?

அன்றிரவு எட்டு மணிக்கு லோட்ஷெடிங்.
இருட்டில் வாள் சத்தம்.
நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு
பலகையைச் சரிபாதியாக அறுத்துக்கொண்டிருந்தார்.
தலையெல்லாம் மரத்தூள்.

பிறகு பாதிகளை போல்ட் போட்டு இறுக்கினார்.
மேலே கார்க், மேலே தண்டவாளம்,
இரண்டு வாரம் வேறு பேச்சில்லை.
கோட்டின் இரு கரையிலும் பித்தளைத் திருகு முடுக்கி
ஈயம் உருக்கி ரயிலைப் பிடித்தார்.
எல்லாம் காய்ந்த பின்
தான் ஒட்டிய தண்டவாளத்தைத்
தானே குறுக்கே அறுத்தார்,
ஒரு தகட்டின் கனத்துக்கு.

பக்கம் நாலடிக்கு நாலடி.
டேப்பை எடுத்து நான் அளந்தேன்.
எதற்கென்று அவர் கேட்கவில்லை.

பத்து மணிக்குக் கரன்ட் வந்தது.
சிவந்த பழுப்பில் அவர் பூசிய மின் எஞ்சின்,
பின்னால் மூன்று பெட்டி,
தவளை மேல் தயங்காமல் ஏறிப் போனது.
அறுத்த இடத்தில் மட்டும் தட்.
ஒரு சுற்றுக்கு இரண்டு தட்,
போகும்போது ஒன்று, திரும்பும்போது ஒன்று.

"கேக்குதா?" என்றார்.
"கேக்குது."
"ராவினா கொஞ்சம் குறையும்" என்று
அரத்தைத் தேடினார்.
வேண்டாம், இருக்கட்டும் என்றேன்.