மாட்டின் நிறம்

பதினோரு வருஷம் ஒரே வண்டியில் போனோம், சந்தியாகு,
எட்டுப் பெட்டி இடைவெளியில்.
நீ முன்னால் கரியோடு,
நான் கடைசியில் சிவப்பு விளக்கோடு.
உன் முகத்தைவிட
உன் ஊதலைத்தான் எனக்கு நன்றாகத் தெரியும்:
நீட்டி ஒன்று, சட்டென வெட்டி ஒன்று,
எவனையோ திட்டப்போய் நிறுத்திக்கொண்ட மாதிரி.
திருமயம் தாண்டும் வளைவில் மட்டும்
ஜன்னலுக்கு வெளியே ஒரு முழங்கை தெரியும்.
சரி, ஆள் இருக்கிறான் என்று
டிபன் டப்பாவைத் திறப்பேன்.

இன்று செக்காலைக் கோயில் வாசலில்
உன் மருமகனின் சிநேகிதர் ஒருவர்
நீராவி இஞ்சின் ஓடிய காலம்
எவ்வளவு அழகு என்றார்.
நீ இருந்திருந்தால் சட்டையைக் கழற்றி
முதுகைக் காட்டியிருப்பாய்.
டீசல் வந்த அன்று காரைக்குடி ஜங்ஷனில்
லட்டு கொடுத்தவன் நீ ஒருவன்தான்.

மதலேனம்மாள் சொன்னார்:
ரிட்டயர் ஆகிப் பத்தொன்பது வருஷமும்
இரவு இரண்டரைக்கு எழுந்து உட்கார்ந்துவிடுவாராம்,
கதவைத் தட்டிக் கையெழுத்து வாங்க
எந்தக் கால் பாயும் வரப்போவதில்லை என்று தெரிந்தும்.
டீ கேட்கமாட்டாராம்.
ஐந்துக்கு மறுபடி படுப்பாராம்.

கல்லறைத் திருநாளில் நான்கு மெழுகுவர்த்தி.
ஒன்று அப்பாவுக்கு.
மற்ற மூன்றும் யாருக்கென்று
நான் கேட்டதில்லை என்றார் அம்மாள்.
எனக்குத் தெரியும். நானும் சொல்லவில்லை.
பிரேக் போட்டும் நிற்காத மூன்று இரவுகள்.
சிவகங்கைக்கு அப்பால் ஒன்று,
பனங்குடியில் ஒன்று,
மூன்றாவது இடத்தின் பெயரை
நீ கடைசிவரை வாயால் சொன்னதில்லை.

நான்காவது நின்றது.
கல்லலுக்கும் தேவகோட்டை ரோட்டுக்கும் நடுவே,
வைகாசி, விடிய இன்னும் நேரம் இருந்தது.
வாக்குவம் முள் விழுந்ததைப் பார்த்து
லாந்தரை எடுத்துக்கொண்டு
ஜல்லியில் தடுக்கித் தடுக்கி ஓடிவந்தேன்.
இஞ்சினுக்கு முன்னால் பத்து முழம் இருக்கும்.
தண்டவாளத்தில் உட்கார்ந்திருந்தாள்.
செருப்பைக் கழற்றி
ஜோடியாகப் பக்கத்தில் வைத்திருந்தாள்.
நீ எதிரே குந்தியிருந்தாய், கையில் தண்ணீர்க் கூஜா.
யாரும் பேசவில்லை.
குடித்தாள், முகம் கழுவினாள்,
மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.
பீர் முகமது கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி
வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.
கேட்கீப்பர் வீட்டு விளக்குவரை
அவளோடு நடந்துபோய்விட்டு வந்து
ஏறும்போது சொன்னாய்:
"பதினாலு நிமிஷம். மாடுன்னு எழுதிக்க."

எழுதினேன்.

மதுரையில் விசாரணை. தனித்தனி அறை.
மாடு என்ன நிறம் என்று கேட்பார்களென
நாம் இருவருமே நினைக்கவில்லை.
நீ மயிலை என்றாய். நான் செவலை என்றேன்.
அதிகாரி இரண்டு தாளையும் சேர்த்து வைத்து
வெகுநேரம் விரலால் தட்டினார்.
ஆறு மாதம் இன்கிரிமென்ட் கட், இருவருக்கும்.
வெளியே டீக்கடையில் சண்டை போட்டோம்.
நம்ம சீமையில் செவலைதானே அதிகம் என்று நான்.
இருட்டில் செவலை எப்படிய்யா கண்ணுக்குத் தெரியும்,
மயிலைதான் தெரியும் என்று நீ.
பேச்சுக்குக்கூட
அவளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஊர்வலத்தில் கடைசி ஆளாகத்தான் நடந்தேன்.
பழக்கம்.
தெரு திரும்புகிற இடத்தில்
தலைகளுக்கு மேல் உன் பெட்டி தெரிந்தது.
முழங்கையைத் தேடினேன், மடத்தனமாக.

மண் போட என் முறை வந்தபோது
குனிந்து,
பீர் முகமதுவுக்கும் கேட்காமல் சொன்னேன்:
சரி,
மயிலைதான்.