தண்ணீர்விட்டான்

பத்தாம் எண் கிணற்றுக்குள்
ஈயக்குண்டு கட்டிய நாடாவை விட்டான் எலியோதோரோ.
மாதத்தின் முதல் திங்கள், காலை ஐந்தரை.
குண்டு நீரைத் தொட்டால் ஒரு சத்தம் எழும்,
தூக்கத்தில் யாரோ உதடு பிரித்ததைப் போல
ஒரு சின்னப் 'ப்ளக்'.
அதைக் கேட்பதற்குத்தான் கம்பெனி சம்பளம் தருகிறது.

நாடா நூறு மீட்டர்.
போன வருஷமே போதவில்லை.
மீன்பிடி நைலானில் முப்பது மீட்டர் ஒட்டுப் போட்டிருக்கிறான்,
மீட்டருக்கு ஒரு முடிச்சு.
விரலால் எண்ணிக்கொண்டே இறக்குவான்:
நூற்று ஏழு, நூற்று எட்டு...

பெரு தேசத்து இக்காவில்
மழை ஒரு வதந்தி.
மணல்மேட்டுக்கு இந்தப் பக்கம் மட்டும்
கண் எட்டும் வரை பச்சை.
வேலியோரம் ஒரு வராங்கோ மரம்,
நம் சீமைக்கருவேலத்துக்கு ஒன்றுவிட்ட உறவு.
அதுவும் வேரைக் கீழே அனுப்பித்தான் விசாரித்துக்கொண்டிருந்தது.
சென்ற கோடையில் விசாரிப்பதை நிறுத்திவிட்டது.

செனோபியாவுக்கு இரவு முறை.
பொதிகூடத்தின் குளிரில்
தலைக்கு வலை, வாய்க்குத் துணி, கைக்கு ரப்பர்.
ஆஸ்பராகஸ் தண்டுகளைப் பிரித்து அடுக்குவாள்:
சுண்டுவிரல் கனம் ஒரு பெட்டி,
கட்டைவிரல் கனம் இன்னொன்று.
அடியில் நனைத்த பஞ்சு விரிக்க வேண்டும்.
வெட்டிய பிறகும் குடிக்குமாம் அது;
விமானத்தில் அதற்குத் தாகம் எடுக்கக் கூடாது.
பஞ்சில் ஈரம் குறைந்தால்
ஒரு மணி நேரக் கூலி போச்சு.

பெட்டியில் ஒட்டுகிற சீட்டில்
எடை உண்டு, தேதி உண்டு, ரகம் உண்டு,
போய்ச் சேரும் ஊர் ரோட்டர்டாம்.
குடித்த தண்ணீருக்குக் கட்டம் இல்லை.
ஐந்து கிலோ என்று அச்சடித்த பெட்டியை
விடியற்காலை தூக்குகிறபோது
இடுப்பு மட்டும் ஒப்புக்கொள்வதில்லை.

என் மொழியில் இந்தச் செடியின் இனத்துக்குப் பெயர்
தண்ணீர்விட்டான்.
வைத்தவன் எதை நினைத்து வைத்தானோ.
ஊற்றினான் என்று படிக்கலாம்,
கைவிட்டான் என்றும் படிக்கலாம்.
இங்கே இரண்டையும் செய்தவன்
ஒருவனே.

அவர்கள் தெருவில் குழாய் இருக்கிறது.
லுஸ்மிலா அதில் பள்ளிச் சீருடையை உலர்த்துகிறாள்.
லாரி வருவது செவ்வாய்க்கிழமை,
வாசலில் நீல பீப்பாய்.
முகம் கழுவிய தண்ணீரில் பாத்திரம்,
பாத்திரம் கழுவியதில் தரை,
தரை துடைத்ததில் தெருப்புழுதி.
நான்கு பிறவி எடுத்தாலும்
அந்தத் தண்ணீருக்கு முக்தி இல்லை.

கோணல் தண்டுகளை ரோட்டர்டாம் தின்னாது.
வளைந்தது, நுனி அவிழ்ந்தது, ஊதா பாய்ந்தது
எல்லாவற்றையும் பையில் போட்டு
செனோபியா வீட்டுக்குக் கொண்டுவருவாள்.
உப்புப் போட்டு வேகவைத்து
வெந்த தண்ணீரைக் கொட்டாமல் வைப்பாள்.
மங்கிய பச்சை, சிறுநீர் வாடை.
எலியோதோரோ அதை ஆறவிட்டுக் குடிப்பான்.
ருசிக்காக இல்லை.
நான் அளந்த தண்ணீர், என்பான்,
ஊருக்குப் போகாமல் தப்பி வந்தது.

இன்று நூற்றுப் பதினெட்டாம் முடிச்சில்
நைலான் தளர்ந்தது.
சத்தம் கேட்டது, ஆனால் வேறு சத்தம்:
'தப்'.
மேலே இழுத்தான்.
குண்டின் அடியில் உலர்ந்த மண்,
நெற்றியில் பூசுகிற அளவு.

போனில் பொறியாளர் உர்ருத்தியா கொட்டாவி விட்டார்.
"அடுத்த வாரம் பக்கத்திலேயே ஆழமாகப் போடுகிறோம்.
போன மாத எண்ணையே எழுதிக்கொள்."
எழுதினான்.
பேனா நன்றாகத்தான் எழுதியது.

வீட்டுக்கு வந்தபோது
கையுறைத் தழும்போடு அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.
நாளைதான் செவ்வாய்.
நீல பீப்பாயின் மூடியைத் திறந்து
குனிந்து பார்த்தான்; இருட்டு.
பையிலிருந்து நாடாவை எடுத்து
முடிச்சுகளுக்கு வேலையே வைக்காமல்
மெல்ல உள்ளே விட்டான்.

ப்ளக்.

செனோபியா கண் திறக்காமல் கேட்டாள்:
"குடிக்கிற தண்ணீரில்
என்னத்தைப் போட்டாய்?"