இடது கை

"மூன்றரை மில்லிமீட்டர்தான்" என்றாள் பௌக்யே,
ஜெல் வழியும் கருவியைக் கையிலிருந்து எடுக்காமலே.
ஆறு வாரம் ஆகிவிட்டது.
ஆறு இருக்க வேண்டுமாம்.

ஸ்னேக் நகரத்துப் பாலக்காரன் ரின்ஸே.
படகு வந்தால் பாலத்தைத் தூக்கிவிட்டு
தூண்டில் கழி நுனியில் மரச்செருப்பைக் கட்டி
எட்டி நீட்டிச் சுங்கம் வாங்கிய கை.
ஏப்ரலில் அதன் மணிக்கட்டைத் திறந்து
தமனியோடு சிரையைச் சேர்த்துத் தைத்தார்கள்.
அன்றிலிருந்து அதில்
கடிகாரம் கூடாது,
ரத்த அழுத்தப் பட்டை கூடாது,
உருளைக்கிழங்குப் பை கூடாது.
தலை வைத்துத் தூங்கக் கூடாது
என்பதை மட்டும் பௌக்யே
என்னைப் பார்த்துச் சொன்னாள்.

பத்தொன்பது வருஷம்
எனக்குத் தலையணை அது.

நாயின் ரப்பர் பந்தைப் பிடுங்கிக்கொண்டான்.
செய்தி முடிவதற்குள் நூறு தரம் பிசைவான்,
சூப் கொதிப்பதற்குள் இன்னொரு நூறு.
நாய் இரண்டு நாள் முறைத்தது,
பிறகு என் காலுறைக்கு மாறிக்கொண்டது.
வாரம் மூன்று முறை கழுத்துக் குழாயில்தான்
ரத்தம் போய்க் கழுவிக்கொண்டு வந்தது.
கோடை முழுக்க அவன் ஏரியில் இறங்கவில்லை.

"இதோ, இங்கே ஒரு கிளை பிரிகிறது.
பாதி ரத்தம் இப்படி ஓடிவிடுகிறது."
அதுவரை திரையைப் பார்க்காதவன்
அப்போதுதான் திரும்பினான்.
"அடைத்துவிடலாமே?"
மருத்துவரிடம் அவன் கேட்ட முதல் கேள்வி.
தண்ணீரிடம் சம்பளம் வாங்கியவனுக்கு
மடை தெரியாதா?

கிளையைக் கட்டினார்கள்.
மேலே ஓர் இடுக்கம்,
அதில் பலூனை நுழைத்து ஊதினார்கள்.
தானாய்க் கனியாததை வேறென்ன செய்வது?
பத்துக்கு எத்தனை வலி என்றதற்கு
நாலு என்றான்.
போர்வைக்குள் கால் இரண்டும் உதறிக்கொண்டிருந்தன.

நேற்று ஐந்தரை.
இன்னும் அரை பாக்கி. ஆனாலும்
"ஓட்டம் போதும்" என்றாள் பௌக்யே,
வியாழக்கிழமைக்கு இரண்டு ஊசி எழுதினாள்.

ராத்திரி கையை நீட்டினான், கேள் என்று.
பாரம் விழாமல் காதை வைத்தேன்.
பாலம் திறக்கட்டும் என்று
கீழே எஞ்சினை அணைக்காமல்
நிற்கிறது ஒரு படகு.

கட்டிலைச் சுற்றி நடந்து
அவன் வலது பக்கம் படுத்தேன்.
இந்தத் தோளில் எலும்பு வேறிடத்தில் இருக்கிறது.
பழகவில்லை இன்னும்.