வாரத்துக்குப் பத்துச் சொல்

திங்களன்று பத்துச் சொல் கரும்பலகையில் ஏறும்.
வெள்ளியன்று அதே பத்தும் தேர்வுத்தாளில் இறங்கும்.
இடையில் என்ன ஆகிறதென்று
அந்தச் சொற்களுக்குத்தான் தெரியும்.

சாட்ஸ்வொர்த்தில், மழைக்கு ஒழுகும் நாலாம் வகுப்பு.
நாற்பத்தோரு பேர்.
பாதிப்பேர் உம்லாசியிலிருந்து
விடியுமுன் டாக்சி பிடித்து வருகிறவர்கள்.
வீட்டில் சூலு, தெருவில் சூலு,
டாக்சிக்காரர் போடும் பாட்டும் சூலு.
பள்ளிக் கேட்டைத் தாண்டினால் எல்லாமே இங்கிலீஷ்,
ஒன்றுக்குப் போக அனுமதி கேட்பது உட்பட.
சொல் வாயில் வந்து சேர்வதற்குள்
நனைந்துவிட்ட கால்சட்டைகளுக்காக
என் அலமாரியில் மாற்று உடை மூன்று வைத்திருக்கிறேன்.

முதல் நாள் இந்த வகுப்புக்குள்
ஈரக்குலை நடுங்கத்தான் நுழைந்தேன்.

மூன்றாம் வாரம், ஏழாவது சொல்: கரேஜ்.
எரியும் வீட்டுக்குள் பாயும்
தீயணைப்புக்காரரின் படத்தைக் காட்டினேன்.
"நெருப்பு" என்றார்கள்.
"தொப்பி" என்றாள் ஒருத்தி.
"வேலைக்கு லேட் ஆயிடுச்சு, ஓடுறார் மேம்."
கண்ணுக்குத் தெரியாததற்கு எந்தப் படத்தை ஒட்டுவது?
அகராதியைப் பாருங்கள் என்று சொல்லி
ஜன்னலோரம் ஒதுங்கிக்கொண்டேன்.

வெள்ளியன்று பண்டிலே எழுதியிருந்தான்,
ஒரு எழுத்துக்கூடப் பிசகாமல்:

என் அம்மா சம்பள நாளில்
வெங்காயம் போட்டுத் தைரியம் வறுப்பாள்.
எனக்கும் தங்கைக்கும் சரிபாதி.

சிவப்பு மையால் சுழித்தேன். சைபர்.
அவன் வாதாடவில்லை.
வாதாடவும் சொல் வேண்டுமே.

அடுத்த பட்டியல், உடம்பின் உள்ளுறுப்புகள்.
படம் பேசாவிட்டால் பொருளைக் காட்டு,
பயிற்சி வகுப்பில் சொல்லித்தந்தது அது ஒன்றுதான்.
கசாப்புக்கடையில் அரைக்கிலோ கோழி ஈரல் வாங்கி
ஐஸ்கிரீம் டப்பாவில் அடைத்துக்கொண்டு போனேன்.
பஸ்ஸில் பக்கத்து ஸீட்காரர்
டப்பாவைப் பார்த்துப் புன்னகைத்தார்.

மூடியைத் திறந்ததும்
"இசிபிண்டி!" வகுப்பே அலறியது.
இரண்டு பேர் மூக்கைப் பொத்தினார்கள்.
பண்டிலே மட்டும் எழுந்து வந்து
டப்பாவுக்குள் விரல் நீட்டி,
மெதுவாக, எனக்குப் புரியவேண்டுமே என்கிற கவலையோடு,
"கரேஜ், மேம்" என்றான்.

அகராதியை அப்போதுதான் நான் திறந்தேன்.
அவர்களுக்கு ஒரே சொல்தான்:
வெங்காயத்தோடு வாணலியில் கிடப்பதற்கும்
எரியும் வீட்டுக்குள் பாய வைப்பதற்கும்.

எனக்கு என் வயிற்றுக்கு மேலே, வலப்பக்கம்,
ஏதோ சிரித்தது.
இத்தனை வருடம் வாய்நிறையச் சொல்லியும்
ஈரக்குலை என்றால் ஈரல் என்று
ஒருநாளும் காதில் விழுந்ததில்லை.
எங்கள் பயம் நடுங்குகிற அதே அறையில்
இவர்கள் தைரியத்தைக் குடிவைத்திருக்கிறார்கள்.
வாடகை யார் தருகிறார்களோ.

தாளைத் திரும்ப வாங்கிச் சைபரை அடித்தேன்.
மதிப்பெண் ஏட்டில் அடிக்க முடியவில்லை.
போன வாரத்து எண்கள் ஆபீஸுக்குப் போய்விட்டன.
அவை அங்கேயே இருக்கும்.

கடைசி பெஞ்சில் ஃபுராஹா.
புக்காவுவிலிருந்து வந்து இரண்டு மாதம்.
சூலுவும் இல்லை, இங்கிலீஷும் இல்லை.
வருகைப் பதிவில் பெயரைக் கூப்பிட்டால்
கையை மட்டும் தூக்குகிறவள்.
எல்லோரும் இடைவேளைக்கு ஓடிய பிறகு
டப்பாவருகே வந்து நின்றாள்.
ஒரு துண்டைத் தொட்டாள்.
தொட்ட விரலைப் பார்த்தாள்.

"இனி" என்றாள்.

ஸ்வாஹிலியில் ஈரலுக்கு அதுதான் பெயராம்,
சாயந்திரம் அவள் அப்பா சொன்னார்.
நான் அந்த நிமிடம் அதை
தமிழில்தான் கேட்டேன்.
மேற்கொண்டு என்ன சொல்லப்போகிறாள் என்று
மணியடித்த பிறகும் நின்றுகொண்டிருந்தேன்.