பொருள் எண் பதினான்கு

நீதிமன்றத்தின் நிலவறையில் வேலை எனக்கு.
மேலே மரிபோர் நகரம், திராவா ஆறு, மூன்று நாளாய்ப் பனி.
கீழே இரும்பு அலமாரிகள்,
அவ்வப்போது இருமும் ஹீட்டர்,
ஒரே வழக்கின் நாற்பத்தொரு பொருட்கள்.

சந்தைச் சதுக்கத்தில் அது நடந்தது
ஏழு நிமிடம் என்கிறது குற்றப்பத்திரிகை.
அந்த ஏழு நிமிடத்தை விசாரிக்கப்
பதினாறு மாதம்.

மாடியில் ஒரு சொல்லுக்காகச் சண்டை.
பயங்கரவாதம் என்றது அரசுத் தரப்பு.
மனநோய் என்றது எதிர்த் தரப்பு.
மருத்துவர்கள் மூவர், அறிக்கைகள் நான்கு;
ஒருவர் தன் கருத்தைத் திருத்திக்கொண்டார்.
எந்தச் சொல் வென்றாலும்
ஸ்தென்கா ஹ்ராஸ்ட்னிக்கின் இடக்கை விரல்கள்
இனி மடங்கப்போவதில்லை.
ஆனாலும் தினமும் வந்தாள்.
காப்பி இயந்திரத்தருகே என்னிடம் சொன்னாள்:
பெயர் தெரியாத ஒன்றை
எப்படி மன்னிக்காமல் இருப்பது?

எண் ஒன்பது, குடை. மூன்று கம்பிகள் வளைந்தவை.
பேருந்துக்கு நின்ற ஒருவர் அதை ஓங்கியபடி
அலறலை நோக்கி ஓடினார், எதிர்த்திசையில் எல்லோரும் ஓட.
சாட்சிக் கூண்டில் அவர் சொன்னது:
வீரமெல்லாம் இல்லை. கையில் குடை இருந்தது.
அதுவும் மச்சினியின் குடை.

எண் பதினான்கு, கத்தி.
கைப்பிடியில் விலைச்சீட்டு இன்னும் உரியவில்லை:
ஒன்பது யூரோ தொண்ணூறு.
அதே கடை, அதே விலை,
என் சமையலறை இழுப்பறையில் அதன் உடன்பிறப்பு.
நவம்பரிலிருந்து எங்கள் வீட்டில்
ரொட்டியைக் கையால்தான் பிய்க்கிறோம்.
கணவர் ஏனென்று கேட்கவில்லை.

முப்பது ஆண்டு என்று தீர்ப்பானது.
மொழிபெயர்ப்பாளரிடம் அவன்
அந்த எண்ணை மறுபடி சொல்லக் கேட்டானாம்.
இருபத்து மூன்று வயது.
என் மகனுக்கு ஒன்று இளையவன்.
இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

மேல்முறையீடும் முடிந்தபின் கடிதங்கள் அனுப்பினேன்:
அடையாள அட்டையுடன் வந்து பெற்றுக்கொள்ளவும்.
குடைக்கு யாரும் வரவில்லை.

எண் இருபத்திரண்டு,
துணிப்பை ஒன்று, பேரிக்காய் நான்கு.
வின்கோ ஜெர்கிச்சின் மகள் நேஜா வந்தாள்.
பையை விரித்தாள், உதறினாள்,
பேரிக்காய் எங்கே என்றாள்.
முதல் வாரமே அழுகிவிட்டன, புகைப்படம் இருக்கிறது என்றேன்.
பதிவேட்டில் மட்டும் நான்கு என்றே நிற்கிறது,
திருத்த விதியில்லை.
பெற்றுக்கொண்டேன் என்ற கட்டத்தின் மேல்
வெகுநேரம் பேனாவைப் பிடித்திருந்தாள்.
பிறகு கையெழுத்திட்டாள்,
நான்கிற்கும் சேர்த்து.

கத்தியை அழிக்க உத்தரவு.
வியாழக்கிழமை உலைக்குப் போகிறது,
சாட்சியாய் நான் நிற்கவேண்டும்.
இழுப்பறையில் இருப்பதைப் பற்றி
எந்த உத்தரவும் இல்லை.