பதினாறுக்குப் பதினாறு

லீனஸ் கட்டி இழுத்துக் கொண்டுவந்தபோது
மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே
கோடை மழை பாதி விட்டிருந்தது.
பாலத்து இரும்பிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது
எழுபத்தொன்றாம் வருடத்து ட்ரையம்ப் மேல்.
பச்சை. ஆறு சிலிண்டர். கதவுக்கு மேலே ஒன்றும் கிடையாது.
குளச்சலில் ஐஸ் ஃபேக்டரி வைத்திருப்பவன்,
சூடு என்று யாராவது சொன்னாலே
தன்னைத் திட்டியதாக எடுத்துக்கொள்வான்.
"தக்கலை தாண்டல்ல ஹெப்சி. நின்னுட்டு."

டிக்கியைத் திறந்தேன்.
பம்ப் தொட முடியாமல் கொதித்தது.
வைப்பர் மோட்டார் வம்சம் அது.
மழை துடைக்கப் பிறந்ததை
நூறு பவுண்டு அழுத்தம் தரச் சொன்னால்
குளிர் தேசத்தில் தரும்.
இங்கே சித்திரையில்
பெட்ரோல் ஆவியாகி
குழாய் முழுக்க ஏப்பம்.

பழசையே வைக்கலாம் என்றேன்.
அளந்து ஊற்றும் அந்த யூனிட்டைக் கழற்றி
பஞ்சில் பொதிந்து கடல் தாண்டி அனுப்பினால்
நாலு மாதத்தில் சுகமாகித் திரும்பும்.
திரும்பிய நாள் முதல்
நம்மூர் பங்கின் எத்தனால்
அதன் ரப்பரைத் தின்னத் தொடங்கும்.

இல்லையென்றால் இரண்டு கார்புரேட்டர். மலிவு.
முட்டத்துக் கடற்காற்றில் பாடும்,
கீரிப்பாறை தாண்டி ஏறும்போது இருமும்.

கடைசியாகச் சொன்னதைத்தான் முதலிலேயே நினைத்திருந்தேன்:
ஆறு தொண்டையும் அப்படியே இருக்கட்டும்,
இன்ஜெக்டர் மட்டும் புதுசு.
டாஷ்போர்டுக்குப் பின்னால்
வெளியே தெரியாமல் ஒரு பெட்டி.

"பொட்டி வச்சா அது காரில்ல பிள்ளே. போன்."

லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினேன்.
பதினாறுக்குப் பதினாறு கட்டம்.
கிழக்கே போகப்போக வேகம்,
வடக்கே ஏற ஏற பாரம்.
ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண்,
இன்ஜெக்டர் எத்தனை மில்லி நொடி வாய் திறக்க வேண்டுமென்று.
கொட்டாவி விட்டான்.
குதிரைசக்தி சொன்னேன், மைலேஜ் சொன்னேன்.
போகிற போக்கில்,
ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால்
இறக்கத்தில் ஒரு சொட்டும் போகாது என்றேன்.

நிமிர்ந்தான்.
"ஒரு சொட்டும்?"
"ஒரு சொட்டும்."
மாதம் லட்சத்துக்குக் கரண்ட் பில் கட்டுகிற முகம்.
"அப்ப போடு."

பிறகு ஆறு ஞாயிற்றுக்கிழமை.
அவன் ஓட்டுவான், என் மடியில் லேப்டாப்.
இரணியல் ரயில்வே கேட்டில் காத்துக்கிடந்த நேரத்தில்
ஐடிலை முடித்தேன்.
ஆரல்வாய்மொழியில் காற்று நெஞ்சில் கைவைத்துத் தள்ள
அறுபதில் போகிற வண்டி
எண்பதின் பாரம் காட்டியது,
வடக்கே நாலு கட்டம் நிரம்பின.
தோவாளைப் பூச்சந்தை முன் ஊர்ந்தபோது
உள்ளே போகும் காற்று முப்பத்துநாலு டிகிரி.
பிச்சிப்பூவுக்குத் தனிக் கட்டம் கிடையாது.

மிஞ்சியது ஒரு மூலை.
முழு வேகம், முழு பாரம்.
அங்கே போக இந்த ஜில்லாவில் ரோடு இல்லை.
பள்ளம், வாழைக்குலை லாரி, காலேஜ் பஸ்,
அதற்கப்புறம் கடல்.
வெல்டர் தாணுலிங்கம் எட்டிப் பார்த்து
"ஈசான மூலையில்லா? தண்ணி நிக்கணும்" என்றான்.
சிரித்துக்கொண்டே
பெட்ரோலைக் கொஞ்சம் தாராளமாக எழுதிவைத்தேன்.
தெரியாத இடத்தில்
பட்டினியாக எரிவதைவிட
நனைந்து எரிவது மேல்.

ஆடியில் சர்வீசுக்கு வந்தது வண்டி.
பெட்டி எழுதிவைத்ததைப் புரட்டினேன்.
ஒரு புதன்கிழமை, விடியற்காலை மூன்று மணிக்கு முன்,
ஐயாயிரத்துத் தொள்ளாயிரம் சுற்று.
அந்த மூலையில்
மூன்று நொடி.

லீனஸ் எதிரே உட்கார்ந்து
சாயாவை ஊதிக்கொண்டிருந்தான்,
முழுக் கவனத்தோடு.

எந்த ரோடு என்று நான் கேட்கவில்லை.
எண்ணை
ஒரு புள்ளி குறைத்தேன்.