எண்பது கிலோ மணல்

அவனுக்குப் பெயர் வைத்தது நான் இல்லை.
எண்பது கிலோ மணல், தார்ப்பாய்த் தோல்,
இடுப்பில் ஒரு வார். தலை கிடையாது.
நிஷிவாகி ஒருநாள் தன் கம்பளித் தொப்பியை
தலை இருக்கவேண்டிய இடத்தில் மாட்டிவிட்டு
டீ குடிக்கப் போனார்.
அன்றிலிருந்து அவன் கொன்பே.
பேரில்லாதவனுக்கு எங்கள் பக்கத்தில் சொல்லும் பேர்.

ஆய்வுக்கூடத்துக் கூரையிலிருந்து
அவனைத் தள்ளிவிடுவது என் வேலை.
இதுவரை இருநூற்றுப் பதினாறு முறை.
கொக்கி, கயிறு, ஒரு நொடிக்கும் குறைந்த ஆகாயம்,
பிறகு ஒரு வெடுக்.
திரையில் ஒரு கோடு மலையாய் எழும்பி
கொஞ்சம் நடுங்கி அடங்கும்.
கொக்கி தாங்கியது என்று எழுதுவேன்.
கொக்கி தாங்கியது, கைமரம் பிளந்தது
என்றும் ஒருமுறை எழுதியிருக்கிறேன்.

வெளியே பனி.
எங்கள் பள்ளத்தாக்கில் அது பெய்வதில்லை,
குடியேறுகிறது.
புதிதாய் வந்தது ஒரு கன மீட்டர் நூறு கிலோகூட இராது;
பஞ்சு என்று ஏமாறலாம்.
இரண்டு வாரம் தன்மேல் தானே உட்கார்ந்து முந்நூறாகும்.
அதன்மேல் ஒரு மழை விழுந்தால், கேட்கவே வேண்டாம்.
இழுப்புக்கதவு நகர மறுக்கிற காலையில்தான்
உச்சியில் சரக்கு லாரிகள் நிற்பது
உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியும்.
தலைக்குமேல் போனபின்
சாணென்ன முழமென்ன என்பார்கள்.
எங்களுக்குச் சாணும் முழமும்தான் சம்பளம்.

மார்ச் பிறந்தால் நகராட்சியிலிருந்து பட்டியல் வரும்.
வயது, விழுந்த உயரம், கூரையின் சாய்வு,
கீழே என்ன இருந்தது.
பெயர் இராது.
எழுபத்தொன்று, ஐந்து மீட்டர், கல் வடிகால்.
அறுபத்தெட்டு, மூன்றே மீட்டர், மண்வாரி.
கயிறு என்று ஒரு கட்டம்:
இல்லை. இல்லை. இல்லை. இல்லை.
ஒன்றில் மட்டும்
இருந்தது, கொட்டகையில்.

அந்த இரண்டு சொல்லையும் ஒரு குளிர்காலம் முழுக்கப் படித்தேன்.
கட்டிக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகும் என்று
கொன்பேயிடம் கேட்டும் பார்த்தேன்.
அவனுக்குத்தான் எப்போதும் நான் கட்டிவிடுகிறேனே.

நிறுத்துகடிகாரத்தோடு வீடுவீடாகப் போனேன்.
முரகோஷிக்கு, கயிற்றைத் தேட நான்கு நிமிடம்,
சிக்கெடுக்க ஆறு,
கையுறை கழற்றி முடிச்சிட மூன்று.
"இதற்குள் தெற்குப் பக்கம் மொத்தமும் தள்ளியிருப்பேன்."
திருமதி உசுதா கயிற்றைத் தொடவே இல்லை.
"விழுகிறவர்கள் கட்டிக்கொள்ளட்டும்."

பதின்மூன்று நிமிடம்.
இரும்பு எப்போது முறியும் என்பதற்குச் சூத்திரம் இருக்கிறது.
குளிரில் நிற்கிறவன் எப்போது முறிவான்
என்பதற்கு என்னிடம் இல்லை.
அந்த ஆண்டு நான் கொக்கியைத் தொடவில்லை.
கயிற்றை மட்டும் இடம் மாற்றினேன்,
கொட்டகையிலிருந்து ஏணியடிக்கு.
கோடையிலும் அங்கேயே தொங்கட்டும்.
நுனியில், கையுறையோடு மாட்டும் ஒரு வளையம்.
கருத்தரங்கில் ஒருவர் எழுந்து
இதில் பொறியியல் எங்கே என்றார்.
பதினொரு நொடி என்றேன்.
உட்கார்ந்துவிட்டார், புரிந்தா, பசித்தா தெரியவில்லை.

நவம்பரில் பார்வையிடப் போனபோது
முரகோஷி வீட்டில், என் உயிர்க்கயிற்றில்
நீள நீளமாய் முள்ளங்கி காய்ந்துகொண்டிருந்தது,
நாற்பதாவது இருக்கும்.
நான் பார்ப்பதை அவர் பார்த்தார்.
"பனிக்கு முன்னால் எடுத்துவிடுவேன்."
இருக்கட்டும் என்று சொல்ல வாயெடுத்தேன்.
சொல்லவில்லை. குறிப்பேட்டில் எழுதினேன்:
முப்பது கிலோ, ஈரத்தோடு. கொக்கி தாங்குகிறது.
கயிறு எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

இந்த மார்ச்சில் பட்டியல் இன்னும் வரவில்லை.
தொப்பியில் பூஞ்சை பிடித்ததென்று
நிஷிவாகி அதைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறார்.
தலையும் இல்லாமல் தொப்பியும் இல்லாமல்
கொன்பே விளிம்பில் உட்கார்ந்திருக்கிறான்.
வளையத்தை மாட்டுகிறேன்.
இருநூற்றுப் பதினேழு.